முதுகில் ஏறிய கோழி

என் தம்பி ஜீவனின் முதுகில் ஒரு கோழி உட்கார்ந்திருந்ததைச் சந்திரகலா என்னிடம் மட்டும்தான் சொன்னாள். போலீசிடம் சொல்லவில்லை. மகள் ஷாமினியிடமும் சொல்லவில்லை. சாவுக்கு வந்த கூட்டம் கலைந்த பிறகு, வீட்டின் பின்புறம் பாத்திரம் விளக்கிக்கொண்டே, குழாய்த் தண்ணீரின் சத்தத்துக்குள் மறைத்துவைத்துச் சொன்னாள்.

"கவுந்து கெடந்தாரு அண்ணி. முட்டக் கூடை ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. நடு முதுகுல ஒரு கோழி. சோபாவுல உக்காந்த மாரி உக்காந்திருக்கு. நான் கத்துறேன், என்னையே பாக்குது, எந்திரிக்க மாட்டேங்குது."

அவள் புருஷன் போனதைவிட அந்தக் கோழி எழுந்திருக்காததுதான் அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

கிள்ளானிலிருந்து மேரு என்ற ஊருக்குப் போகும் சாலையில் பிரிகிற ஒரு லோரோங்கின், ஒரு சின்னச் சந்தின், கடைசியில் இருக்கிறது அந்த வீடு. ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர், மறுபக்கம் யாரும் வெட்டாத செம்பனைத் தோட்டம். ஜீவன் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டியவன். இடுப்பு ஒத்துழைக்காமல் போனபின் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டான். கூண்டு கிடையாது. செகிஞ்சான் நெல் ஆலையிலிருந்து வரும் உமியைக் கணுக்கால் ஆழத்துக்குப் பரப்பி, அதன்மேல் அறுநூறு பழுப்புக் கோழிகளை விட்டிருந்தான். சுவரோரம் முட்டையிடப் பெட்டிகள். மேலே அவை உறங்கக் கம்புகள்.

கொட்டகைக்குள் நடப்பது அவன் பொறுப்பு. முட்டையைத் துடைத்து, பெரிது சிறிது பிரித்து, தட்டுகளில் அடுக்கி, வேனில் ஏற்றிக் கிள்ளான் கடைகளுக்குக் கொண்டுபோவது சந்திரகலாவின் பங்கு. அவளைக்கூட அவன் உள்ளே விடமாட்டான். தெரியாத ஆளையோ தெரியாத சட்டையையோ கண்டால் கோழிகள் மிரண்டு ஒரு மூலையில் போய்க் குவியும். அடியில் மாட்டியவை மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால் துறைமுகத்தில் கொடுத்த நீலச் சட்டைகளை மட்டுமே போட்டுக்கொண்டு போவான். அவற்றைத் துவைப்பது தனக்கு விதித்த தண்டனை என்பாள் சந்திரகலா. முதுகுப் பக்கம் மட்டும் எச்சமும் கீறலுமாக இருக்கும்.

"கோழி வளக்குறாரா, கோழிக்கு அடியில படுத்துக்குறாரா தெரியல அண்ணி" என்று அவன் காதில் விழும்படி என்னிடம் சொல்வாள். அவன் சிரிப்பான். காரணம் சொல்ல மாட்டான். கொட்டகைக்குள் நடப்பதை வெளியே சொல்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

விடியுமுன்பே கொட்டகையில் பல்புகள் எரியும். அதற்கென்று வாசல் தூணில் ஒரு டைமர் பெட்டி வைத்திருந்தான். அவன் எழுந்து போவதற்குள் அதுவே பல்பைப் போட்டுவிடும். நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்து தங்கும் நாட்களில் முதலில் என் ஜன்னலில் அந்த மஞ்சள் வெளிச்சம் விழும். பிறகு கோழிகள் பேசத் தொடங்கும். அதற்கும் பிறகுதான் அவனுடைய ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்கும். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

அவன் இறந்த அன்றும், சந்திரகலா சொன்னபடி, வெளிச்சம் வந்தது, கோழிகள் பேசின, பூட்ஸ் போனது. திரும்பி வரவில்லை. மாரடைப்பு என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

காரியம் செய்ய வந்த பண்டாரம், உயிர் பிரிந்த இடத்தில் பதினாறு நாளும் விளக்கு எரியவேண்டும், அணையக்கூடாது என்றார். சந்திரகலாவின் தம்பி முகுந்தன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அவன்தான் தலையைச் சொறிந்தான்.

"சாமி, கீழ பூரா உமி. அகல் வெளக்க ஒரு கோழி தட்டிவிட்டுச்சுன்னா மச்சானோட சேத்து அறுநூறுக்கும் கருமாதி பண்ணணும்."

பண்டாரம் சற்று யோசித்தார். கரண்டு விளக்கும் விளக்குத்தான் என்றார். முகுந்தன் டைமரைத் தாண்டி நேராக எரியும்படி சுவிட்சைத் தள்ளிவிட்டு வந்தான். அன்றிலிருந்து இரவும் பகலும் கொட்டகை எரிந்தது. செம்பனைக் காட்டுக்கு நடுவில் ஒரு கல்யாண மண்டபம்போல இருந்தது. இரவில் நானும் சந்திரகலாவும் தூக்கம் வராமல் கூடத்தில் படுத்திருந்தோம். கோழிகளும் தூங்கவில்லை. உமியைக் கிளறிக்கொண்டு, ஒன்றையொன்று கொத்திக்கொண்டு, எந்நேரமும் முணுமுணுத்தன. துக்கவீட்டில் யாராவது விழித்திருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் அறுநூறு பேர் விழித்திருந்தார்கள்.

அந்த நாட்களில் கோழிகளைச் சந்திரகலாதான் பார்த்தாள். வேறு யார் இருக்கிறார்கள்? அவள் கதவைத் திறந்தாலே அவை சிறகடித்துக்கொண்டு கோடிக்கு ஓடும். அவள் அசையாமல் நின்று, அவை அடங்கும்வரை காத்திருந்து, பிறகு தீவனத்தைக் கொட்டுவாள். வெளியே வரும்போது அவள் முகத்தில் ஏதோ தேடித் தோற்ற களைப்பு இருக்கும். எதைத் தேடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் அவளே சொன்னாள்.

"அந்தக் கோழி எதுன்னு தெரியல அண்ணி. எல்லாம் ஒரே மூஞ்சி."

"தெரிஞ்சா என்ன பண்ணப்போற?"

"தெரியல. கழுத்தத் திருகுவேனோ, மடியில வச்சிக்குவேனோ. அவரு மேல சூடு இருந்தப்ப கடைசியா தொட்டது அதுதான. நான் தொடுறப்போ சில்லுனு ஆயிட்டாரு."

முட்டை மட்டும் குறையவில்லை. துக்கவீட்டில் நாங்கள் கவிச்சி சாப்பிடுவதில்லை. தீட்டு வீட்டு முட்டை என்று பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் பதினாறு முடியட்டும் என்றார்கள். சமையலறை, கூடம், ஷாமினி படித்த மேசை என்று எங்கும் தட்டுகள் ஏறின. கிள்ளானில் ரொட்டிச்சானாய்க் கடை வைத்திருக்கும் ஜெய்னுதீன் ஒருநாள் தானே வேனை எடுத்துக்கொண்டு வந்தார். ஜீவனின் படத்துக்கு முன்னால் கைகட்டி நின்றுவிட்டு, தட்டுகளை எண்ணாமலே ஏற்றத் தொடங்கினார். தீட்டு இருக்கிறதே என்று சந்திரகலா தயங்கினாள்.

"முட்டக்குள்ள எப்பிடிம்மா தீட்டு போவும்? அதான் அல்லா ஓடு போட்டு மூடித்தான அனுப்புறான்" என்றார் அவர். அந்த வீட்டில் அன்றுதான் முதன்முதலாக யாரோ சிரித்தார்கள். சந்திரகலாதான். சிரித்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்தது. அவன் உடுப்புகளைக் கட்டிக் கடலோரத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தி சாய்ந்ததும் பண்டாரம் சொன்னபடி கொட்டகை விளக்கு அணைந்தது. முகுந்தன் சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு வந்தான். பல நாட்களுக்குப் பிறகு செம்பனை மரங்கள் இருட்டில் தெரிந்தன.

மறுநாள் விடியுமுன் என் ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. கோழிகள் பேசத் தொடங்கின.

நான் எழுந்து உட்கார்வதற்குள் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சந்திரகலா வெறுங்காலோடு ஈரப்புல்லில் போய்க்கொண்டிருந்தாள். ஓடவில்லை. கணவன் கூப்பிட, என்ன என்று கேட்கப் போகிறவள்போல நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். கொட்டகைக் கதவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே எல்லாப் பல்புகளும் எரிந்தன. கோழிகள் ஒன்றுகூட மேயவில்லை. அத்தனையும் கதவை நோக்கித் திரும்பியிருந்தன. எங்களைப் பார்த்ததும் அவற்றின் கழுத்துகள் ஒரேநேரத்தில் மறுபக்கம் திரும்பின.

"நாம்ப இல்லையாம்" என்றாள் சந்திரகலா.

டைமர்தான் என்று நான் சொன்னேன். தெரியும் என்றாள். தெரிந்திருந்தும் கம்பியை விடவில்லை. அன்று காலையே முகுந்தனைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கழற்றச் சொன்னாள்.

"இன்னொரு தடவ அது தானா எரிஞ்சிச்சுன்னா நான் தாங்க மாட்டேன் முகுந்தா."

அவன் கழற்றிக் கொடுத்தான். அதை அவள் பழைய துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். அதன்பிறகு கொட்டகைக்குச் சூரியன்தான் விளக்கு.

இரண்டு வாரம் கழித்து நான் மறுபடி வந்தபோது முற்றத்தில் இறகுகள் பறந்துகொண்டிருந்தன. கொட்டகைக்குள் உமி தெரியவில்லை, இறகுதான் தெரிந்தது. கழுத்து மொட்டையாக, வால் இல்லாமல், இளஞ்சிவப்புத் தோல் தெரிய, கோழிகள் கூட்டம் கூட்டமாக ஒடுங்கி நின்றன. அவ்வளவு கோழிகள் இருந்தும் சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சந்திரகலா முட்டை பொறுக்கப் போனாள், கூடையின் அடிகூட மறையாமல் வந்தாள். சில நாட்களில் அதுவும் இல்லை.

எதிர்வீட்டு வள்ளியம்மா வந்து பார்த்துவிட்டு, கோழியும் தாலியறுத்துவிட்டது என்றாள். ஜீவன் போகும்போது முட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று கடைகளில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் சந்திரகலாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாறாக, கொஞ்சம் தெம்பாகவே இருந்தாள். அவனுக்காக இறகை உதிர்க்கிற அளவுக்கு உலகத்தில் ஏதோ இருக்கிறது என்ற தெம்பு.

ஷாமினிக்கு அந்தத் தெம்பு இல்லை. பூச்சோங்கில் வேலை பார்க்கும் அவள் வார இறுதியில் வந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். முட்டையில்லாமல் தீவனம் போட்டுக்கொண்டே இருக்க முடியாது, தனியாக இந்த லோரோங் கடைசியில் இருக்கவும் முடியாது என்றாள். பக்கிரிசாமி அங்கிளிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள். முட்டை ஓய்ந்த கோழிகளைச் சூப்புக் கடைகளுக்கு வாங்கிப் போகிறவர் அவர்.

"சூப்புக்கா?" என்றாள் சந்திரகலா.

"மா, வேற யாருமா வாங்குவா? மொட்டக் கோழிய பாத்து யாரு சாயாங் பண்ணிக் கொஞ்சப்போறா? நீ என்கூட வந்துரு. ப்ளீஸ்லா மா."

"அதுல ஒன்னு அப்பா முதுகுல..." என்று சந்திரகலா தொடங்கி, நிறுத்திவிட்டாள். ஷாமினி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு சந்திரகலா, சரி, அடுத்த சனிக்கிழமை லோரி வரட்டும் என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பெரிய மழை பிடித்தது. கிள்ளான் பக்கத்து மழை, பேச்சைக்கூட நனைக்கிற மழை. கரண்டு போனது. நானும் அவளும் சமையலறையில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கொட்டகையிலிருந்து ஒரு கோழியைத் தூக்கிவந்து துணியில் பொதிந்து மடியில் வைத்திருந்தாள். கழுத்துத் தோலில் புது இறகின் முனைகள் முள்போல் குத்திக்கொண்டு வந்திருந்தன. அவற்றை விரலால் நீவிக்கொண்டே இருந்தவள், கிழங்கைத் தட்டில் வைத்தாள்.

"அண்ணி, மொத செட்டுக் கோழி வாங்குன வருசம் ஒரு புயல்மழ. போஸ்ட் சாஞ்சி ஒரு வாரமோ என்னமோ கரண்டு இல்ல. அப்பவும் இப்பிடித்தான். எறகு கொட்டிருச்சு. அவரு பைத்தியம் புடிச்ச மாரி சுத்துனாரு."

"எதுக்கு?"

"பொழுது கொறஞ்சிச்சுன்னு. விடியறதுக்கு முன்ன பல்பு எரிஞ்சாத்தான் அதுக்கு நாள் நீளமாம். திடீர்னு கொறஞ்சா, இனி முட்ட போடுற காலம் இல்லன்னு நெனச்சி எறகக் கொட்டிருமாம். 'கோழிக்குப் பொழுதுதான் கலா சம்பளம், அதுல கை வைக்கக்கூடாது'ன்னு சொல்லுவாரு."

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் சொல்லி முடித்துவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்பவள்போல இருந்தாள்.

"பதினாறு நாளு ராத்திரியே இல்லாம எரிய விட்டோம். அப்பறம் மொத்தமா அமத்திட்டோம். விடியக்கால பல்பையும் சேத்துப் புடுங்கிட்டேன்."

"வேணும்னா செஞ்ச? விளக்கு வைக்கத்தான சொன்னாங்க" என்றேன்.

"அதுக்கு இல்ல அண்ணி." அவள் குரல் மிகவும் தணிந்திருந்தது. "அவருக்காகக் கொட்டுதுன்னு இருந்தேன். அவரு கொண்டுபோகவும் இல்ல, இதுங்க அழவும் இல்ல. வெளக்கு. அவ்ளோதான்."

அவன் இறந்தபோது கூட அவள் அப்படி அழுததை நான் பார்க்கவில்லை. சத்தம் இல்லாமல், கோழியை இறுக்கிக்கொண்டு, நெடுநேரம் அழுதாள். கோழி கழுத்தை வெளியே நீட்டி, அடுப்பை, ஜன்னலை, என்னை எல்லாம் வேடிக்கை பார்த்தது.

மறுநாள் கோழி பிடிக்க உதவுவதற்காக அன்று மாலையே முகுந்தன் ரவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் நனைந்தபடி வந்தான். துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்த கையோடு சந்திரகலா டைமர் பெட்டியையும் கொடுத்தாள்.

"மாட்டிரு."

"யக்கா, காலைல லோரி வருது. கோழியே இல்லாத கொசோங் கொட்டாய்க்கு எதுக்கு டைமர்?"

"கடைசி நாளாச்சும் அதுங்க சம்பளத்தக் குடுத்துட்டு அனுப்புவோம்."

"நீதான கழட்டச் சொன்ன. மறுபடி தானா எரியும், மறுபடி நீ..."

"எரியட்டும் முகுந்தா" என்றாள்.

அதற்குள் கரண்டு திரும்பி வந்திருந்தது. அவன் மாட்டினான்.

விடியுமுன் ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. நான் அதற்காகவே விழித்துக் கிடந்தேன் என்று நினைக்கிறேன். கோழிகள் முதலில் பேசவில்லை. வெளிச்சம் உண்மைதானா என்று யோசிப்பதுபோல வெறும் சிறகசைவு மட்டும் கேட்டது. பிறகு ஒன்று தொண்டையைத் திறந்தது. இன்னொன்று. சற்றைக்கெல்லாம் அந்தப் பழைய முணுமுணுப்பு, வாரக்கணக்காகக் கேட்காத முணுமுணுப்பு, கொட்டகை முழுதும் எழுந்தது.

அதற்குப் பிறகு ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது.

எழுந்து பார்த்தேன். நீலச் சட்டை போட்ட ஓர் உருவம் முற்றத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ஜீவனைவிடக் குட்டை. பூட்ஸ் பெரிதாக இருந்ததால் காலை இழுத்து இழுத்து நடந்தது. கொட்டகைக்குள் ஆணியில் தொங்கியிருந்த அந்தச் சட்டை, கடலுக்குப் போன மூட்டையில் சேராமல் தப்பிய ஒன்று. முதல்நாள் மாலை தீவனம் போடப் போன சந்திரகலா எடுத்து வந்திருக்க வேண்டும். கோழி பிடிக்கும்போது அவை மிரண்டு செத்துவிடக்கூடாது என்று போட்டுக்கொண்டாளாம். பிறகு சொன்னாள்.

நான் கொட்டகை வாசலுக்குப் போனபோது வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. சாலையில் பக்கிரிசாமியின் லோரி பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. முகுந்தன் கேட்டைத் திறக்கப் போனான். உள்ளே சந்திரகலா கடைசித் தீவனத்தை வாளியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து கொட்டிக்கொண்டிருந்தாள். கோழிகள் ஓடவில்லை. அவள் காலடியில் இருந்து ஒதுங்கி வழி விட்டன, மறுபடி சேர்ந்துகொண்டன. பாதி முளைத்த இறகுகளோடு, கிழிந்த தலையணைகள் நடப்பதுபோல இருந்தன.

மூன்றாவது தொட்டியோ நான்காவதோ. குனிந்து கையால் தீவனத்தைப் பரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கம்பில் நின்ற ஒரு கோழி கழுத்தை இரண்டு முறை நீட்டி அளவு பார்த்தது. பிறகு ஒரு சின்னத் தாவல். அவள் முதுகில் ஏறி நின்றது. நகங்களை ஊன்றிச் சட்டையைப் பற்றிக்கொண்டு, ஒருமுறை திரும்பி இடம் சரிசெய்து, காலை மடக்கி உட்கார்ந்தது. சோபாவில் உட்கார்வதுபோல.

சந்திரகலாவின் கை தீவனத்துக்குள் நின்றது. இன்னொரு கோழி தாவியது. இடுப்புப் பக்கம் இடம் போதாமல் வழுக்கி இறங்கிவிட்டு, மறுபடி முயற்சி செய்தது.

"அண்ணி" என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

"இங்கதான் இருக்கேன்."

"குனிஞ்சா ஏறுதுங்க."

"ம்."

"தெனமும் ஏறியிருக்கு. அதான் சட்ட முதுகு அப்பிடி..." பிறகு மிக மெதுவாக, தரையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "அன்னைக்கி அவரு குனிஞ்சிருக்காருன்னு நெனச்சிருக்கு அண்ணி. வேல செய்யிறாருன்னு நெனச்சிருக்கு."

வெளியே லோரி நின்றது. கூண்டுகளை இறக்கும் ஓசை. பக்கிரிசாமி ரொம்ப மரியாதையான மனிதர். வாசலுக்கு அப்பாலேயே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, வெயில் ஏறுமுன் ஏற்றிவிடலாமா என்று கேட்டார்.

"அவரப் போகச் சொல்லுங்க அண்ணி" என்றாள் சந்திரகலா. "இது எறங்குற வரைக்கும் என்னால நிமிர முடியாது."

நான் போய்ச் சொன்னேன். அவர் கொட்டகைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். குனிந்து நின்ற நீலச் சட்டையையும் அதன்மேல் இருந்ததையும் பார்த்தவர், ஏன் என்று கேட்கவில்லை. வெறும் கூண்டுகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டார். மேடு பள்ளத்தில் அவை தடதடவென்று குலுங்க லோரி லோரோங்கைவிட்டுப் போனது. அந்தச் சத்தத்துக்குக்கூடக் கோழி அசையவில்லை.

நான் திரும்பி வந்தபோது பல்புகள் தாமாக அணைந்திருந்தன. பகல் வந்துவிட்டது. சந்திரகலா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முதுகை இன்னும் கொஞ்சம் மட்டமாக்கிக் கொடுத்துக்கொண்டு, அப்படியே நின்றிருந்தாள்.